நன்னா நடப்பேன் என்றார் கிலோமீட்டர் மாமா

சக்கரம் வைத்த எதையும் இவ்வளவு கேவலமாக நினைத்த மனிதர் திருவனந்தபுரத்தில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. பஸ், ஆட்டோ, கார், சைக்கிள் எல்லாமே அவருக்கு ஒரே ஜாதி. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் ஒரு சோம்பேறி என்பது அவருடைய தீர்மானமான கருத்து. "கால் வராதவாளுக்குப் பண்ணினதாக்கும் இதெல்லாம். நோக்கு என்ன கேடு?" என்று என் ஸ்கூட்டரைப் பார்த்துக் கேட்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. கோர்ட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கரமனையில் எங்கள் தெருவுக்கு அவர் கிலோமீட்டர் மாமா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் பார்த்த உத்தியோகம். மாமா ரிட்டயர் ஆனார், கால்கள் ஆகவில்லை.

நான் நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து அவருக்கு எதிர்வீட்டு மாடியில் குடியேறிய புதிது. காலையில் கரமனை ஸ்டாப்பில் பஸ் ஏறும்போது, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து நான் கிழக்கே கோட்டை ஸ்டாப்பில் இறங்கியபோது, அங்கே நின்று கடலை தின்றுகொண்டிருந்தார். "வந்துட்டியா லலிதா. டிக்கெட்டும் எடுத்தியோ?" என்றார். அந்த மாதமே நான் ஸ்கூட்டர் வாங்கினேன்.

ஒருமுறை தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்துப் பொன்முடிக்குப் போனோம். கல்லாறு வந்ததும் வேன் புகைந்து நின்றது. மெக்கானிக் வருகிறவரை நாங்கள் ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருந்தோம். வேன் கிளம்பியபோது மாமாவைக் காணவில்லை. மலை மேலே போய்ச் சேர்ந்தால், எதிரே இறங்கி வந்துகொண்டிருக்கிறார். "மேல ஒண்ணும் இல்லை, வெறும் மஞ்சு மூட்டம். திருப்பிக்கோங்கோ" என்றார். அவருடைய கல்யாண ஊர்வலத்துக்குப் பூ வைத்த கார் வந்ததாம். அதில் ஏறாமல் முன்னால் நடந்திருக்கிறார். "கார்ல காலி சீட்டைத்தான் ஊர்வலமா கொண்டுவந்தா. இவர் முன்னால டிராஃபிக் போலீஸ் மாதிரி வந்தார்" என்று மாமி சொல்வாள்.

அந்த மனிதர்மேல்தான் டெலிவரி லாரி ஏறியது.

பெரிய லாரி இல்லை. ஆன்லைனில் வாங்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் கொண்டுவருமே, அந்த மாதிரி மூடிய வண்டி. தெருமுனையில் யார் வீட்டுக்கோ ஃபிரிட்ஜை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்தது. மாமா அதன் பின்னால் தாண்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே வலது கால் அகப்பட்டுக்கொண்டது. நான் மாடியிலிருந்து ஓடி வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கால் இருந்த விதத்தை எழுத வேண்டாம். "ஆம்புலன்ஸ் ஒண்ணும் வேண்டாம். ஆஸ்பத்திரி இங்க பக்கத்துலதானே. ஒரு கை குடு, நடந்தே போயிடலாம்" என்றார்.

அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த வண்டியின் டிரைவர்தான். செல்வராஜ் என்று பெயர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், நாற்பது தாண்டியவன். ஆட்டோவில் ஏற்றும்போது அவன்தான் வாய்விட்டு அழுதான். மாமா அழவில்லை. "ரிவர்ஸ் எடுக்கறச்சே பின்னாடி பார்க்கப்படாதோ?" என்று மட்டும் கேட்டார்.

காலில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தெரு முழுக்க வக்கீலாகிவிட்டது. கேஸ் கொடு என்றார் ஒருவர். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும், சமாதானமாகப் போ என்றார் இன்னொருவர். மூன்றாமவர் டிரைவரை ஜெயிலில் தள்ளச் சொன்னார். இதற்குள் ஆன்லைன் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் ஆப்பிளும் ஒரு காகிதமும் கொண்டுவந்தார். காகிதத்தில் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்று இருந்தது. வண்டி கம்பெனியுடையது இல்லை, கான்ட்ராக்ட்காரருடையது என்றார். கான்ட்ராக்ட்காரரைக் கூப்பிட்டால், வண்டி வாடகைக்கு எடுத்தது, ஓனர் நெடுமங்காட்டில் என்றார். ஓனர் இன்ஷூரன்ஸைக் கைகாட்டினார். இன்ஷூரன்ஸில் கோர்ட் சொல்லட்டும் என்றார்கள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என்மேல ஏறினது ஆரு? நானே போய் அடியில படுத்துண்டேனா?" என்றார்.

வக்கீல் சிந்துவை நான்தான் அழைத்துவந்தேன். என் ஆபீஸ் தோழியின் அக்கா, மலையாளி. பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். ஆனால் விஷயம் தெளிவாக இருக்கும். "மாமா, போலீஸ் கேஸ் டிரைவர் மேலே. அது தனியே போகும். நஷ்டஈட்டுக்கு ஒரு டிரிப்யூனல் உண்டு, நாம அங்க போகணும். டிரைவர், ஓனர், இன்ஷூரன்ஸ் மூணு பேரையும் சேர்த்தா மதி, போதும். ஆரு குடுக்கணும்னு கோர்ட் பறையும். அந்த டைக்காரர் தந்த பேப்பர்ல மட்டும் கையெழுத்து போடண்டா." மாமி அந்தக் காகிதத்தை மடித்து, ஆடிய மேஜையின் காலுக்கு அடியில் வைத்தாள்.

பிறகு வஞ்சியூர் கோர்ட்டுக்கு அலைச்சல் தொடங்கியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாமாவை ஆட்டோவில் கொண்டுபோக வேண்டும். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று ஏறியவுடன் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். யாரையோ கைது செய்து கொண்டுபோகிறோம் என்று சிக்னலில் நின்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். போய்ச் சேர்ந்தால் ஜட்ஜ் லீவ், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் வக்கீல் லீவ். "வாய்தா வாங்கின நேரத்துல கன்னியாகுமரிக்கு நடந்து திரும்பியிருப்பேன்" என்றார். கன்னியாகுமரி என்று சொல்லும்போது அவர் கை தானாக வலது முழங்காலைத் தடவியது.

செல்வராஜும் சம்மன் கிடைத்து வருவான். போலீஸ் கேஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டான். லைசென்ஸ் முடங்கிப்போய், சாலை பஜார் கடைகளில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வராந்தாவில் இருந்தது ஒரே பெஞ்ச். வாதியும் பிரதிவாதியும் அதில்தான் உட்கார வேண்டும். முதல் நாள் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை, "போனக்காட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு எப்படிப் போவே?" என்று கேட்டார்.

"நடந்துதாங்கய்யா. காட்டு வழியா இறங்கி, விதுரைப் பக்கம் வந்து சேருவோம்."

"ஆனை உண்டோ?"

"இருக்கும்யா. பார்த்தா நின்னுருவோம். அது போனப்புறம் போவோம்."

"அதாக்கும் மரியாதை. ஆனைக்கு வழி விட்டே. நேக்கு விடலை."

அதோடு பகை தீர்ந்தது. சிந்து வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றபடி சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். "எதிர்க்கட்சியோட சேர்ந்து சாயா குடிக்கண்டா மாமா, ப்ளீஸ்" என்று அவர் கெஞ்சினார்.

கால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க டிரிப்யூனல் அவரை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியது. நாலைந்து டாக்டர்கள் பார்த்து ஒரு சதவீதம் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் நஷ்டஈடு. சிந்து முந்தின நாளே வீட்டுக்கு வந்து சொன்னார். "ஒண்ணும் நடிக்கண்டா மாமா. வீட்ல எப்படியோ அப்படியே அங்கேயும். வலிச்சா வலிக்கிதுன்னு பறையணும். அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்."

மாமா தலையாட்டினார். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் புது வேட்டியுமாகப் புறப்பட்டபோதே எனக்குச் சந்தேகம். போர்டு அறைக்கு வெளியே ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். "மாமா, இது வேணும்" என்றேன். "நீ பிடிச்சுக்கோ" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது, நான் பார்த்தேன். ஒரு டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். மாமா நடந்தார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிமிர்ந்து, கை வீசி, திரும்பி, மறுபடி வந்தார். பல்லைக் கடித்திருந்ததில் தாடை துடித்தது. டாக்டர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தியதும் என் தோளைப் பிடித்தபடியே தரையில் சரிந்தார். முதுகுப்பக்கம் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"கண்டியா? கோணலே இல்லை" என்றார்.

கோர்ட்டில் சாட்சி சொன்ன அன்று மிச்சத்தையும் அவரே முடித்துவைத்தார். இப்போது எப்படி நடக்கிறீர்கள் என்று இன்ஷூரன்ஸ் வக்கீல் அன்பாகக் கேட்டார். "நன்னா நடப்பேன்." வண்டி பின்னால் வருவதைப் பார்த்தீர்களா? "பார்த்தேனே. அது வரதுக்குள்ள தாண்டிடலாம்னு போனேன். எத்தனை பஸ்ஸைத் தாண்டியிருக்கேன்." சிந்து கையிலிருந்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பில் தவறு மாமாவின் பேரிலும் உண்டு, ஊனம் சொற்பம் என்று வந்தது. கிடைத்தது ஆஸ்பத்திரி பில்லுக்கே பற்றவில்லை. கம்பியை எடுத்துவிட்டு இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. பணம் இல்லாமல் அதைத் தள்ளிப்போட்டார்கள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"நடக்க முடியாதுன்னு அத்தனை பேர் முன்னால என் வாயால சொல்லணுங்கறா. சொல்லிட்டா அப்புறம் நான் ஆராக்கும், லலிதா?"

நான் ஊன்றுகோலை எடுத்து அவர் கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வைத்தேன்.

ஹைகோர்ட்டில் அப்பீல் போகலாம், போர்டு மறுபடி பார்க்கட்டும் என்று கேட்கலாம், நாள் கடந்தால் அதுவும் போய்விடும் என்று சிந்து படித்துப் படித்துச் சொன்னார். மாமா மசியவில்லை. கால் நாளுக்கு நாள் மோசமாகியது. தெருவில் நடந்தவர் வாசல்வரை நடந்தார். பிறகு கூடத்துக்குள். பிறகு கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை, அதுவும் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஒரு நாள் காலை பாத்ரூமில் வழுக்கினார். தாங்கிப் பிடித்த மாமிக்குத் தோள் மூட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டு அழைத்துவந்து உட்கார வைத்தேன். மாமி குரலை உயர்த்தவே இல்லை. "கோர்ட்ல நன்னா நடப்பேன்னு சொன்னேளாமே. வாஸ்தவம்தான். என் தோள்தானே நடந்துண்டிருந்தது. இனி அதுக்கும் முடியாது."

மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "அந்த சிந்துகிட்ட அப்பீல் போடச் சொல்லு" என்றார்.

தாமதத்துக்கு ஒரு மனுவும் சேர்த்து, அப்பீல் எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போனது. வெகுநாள் கழித்து, போர்டு மறுபடியும் பார்க்கட்டும் என்று உத்தரவு வந்தது. அந்தச் சமயத்தில் மாமிக்கு இன்னும் கை தூக்க வராது. என்னால் தனியாக அவரைத் தூக்க முடியாது. யாரிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், மாமாவே செல்வராஜின் நம்பரைக் கொடுத்தார். அவன் மூட்டைகளை விட்டுவிட்டு வந்தான்.

ஆட்டோவில் அன்று மாமா முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். ஊன்றுகோலை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லலிதா, அதுல ஒண்ணு எடுத்துண்டு வா" என்றார்.

செல்வராஜ் அவரைத் தூக்கி அதில் வைத்தான். எதிரே ஒரு ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டிருந்தது. வழிவிட நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

"பின்னாடி பார்த்து எடு" என்றார் மாமா.

செல்வராஜ் அப்படியே நின்றுவிட்டான். மாமாதான் கையைப் பின்னால் நீட்டி, நாற்காலியைப் பிடித்திருந்த அவன் விரல்களைத் தட்டினார். "போ, போ. தள்ளு. நாழியாறது."

உள்ளே நடக்கச் சொன்னார்களாம். "முடியாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சதவீதம் ஏறியது, நஷ்டஈடு ஏறியது. சிந்து சந்தோஷமாக ஃபோன் செய்து, "ஜயிச்சு கேட்டோ" என்றார். இவ்வளவு துக்கமான வெற்றியை நான் பார்த்ததில்லை. இனி ஆபரேஷன் செய்தாலும் கால் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்த தொகையில் ஒரு ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறார்கள். மாமியின் தோள் தேவலை.

மாமா இப்போது ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும், எந்த வழியாக வந்தாய் என்பார். எங்கே ரோட்டைத் தோண்டியிருக்கிறான், எந்தக் கடையை மூடிவிட்டான், ஆற்றங்கரைப் படியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். என் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நேர்வழி ஒன்று உண்டு. அதில் நான் வந்து நாளாகிறது. எனக்கு ஒரு வேலையும் இல்லாத தெருக்களிலெல்லாம் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்கி, கொஞ்சதூரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.