பிரூயிட் டாக்டரும் ஊர் முதுகின் நிழலும்

சகலரும் செவிகொடுத்துக் கேட்கவும்! அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து டாப்ஸன் கிரீக் ஊரில் பேரதிசயம் நிகழ்ந்திருக்கிறது. முதுகு என்று ஒன்று உள்ள அத்தனை பேருடைய முதுகெலும்பிலும் நிழல் விழுந்திருக்கிறது.

கண்டுபிடித்தவர் டாக்டர் பிரூயிட். முதுகில் கை வைப்பார், கண்ணை மூடுவார், "நிழல் தெரியுது, ஸ்கேன் எடுத்துடலாம்" என்பார். ஸ்கேன் எந்திரமும் அவருடையதே. அரசுக் காப்பீட்டு நோயாளியைத் தன் சொந்த ஸ்கேன் கூடத்துக்கே டாக்டர் அனுப்பக் கூடாது என்று சட்டம் உண்டு. ஒரே கட்டடத்துக்குள் இருந்தால் விலக்கும் உண்டு. எந்திரம் இருந்ததோ ஒரு லாரிக்குள். லாரி எங்காவது கட்டடமாகுமா? ஆக்கினார் பிரூயிட்! சக்கரங்களைக் கழற்றினார், தகரக் கூரை போட்டு மருத்துவமனைச் சுவரோடு சேர்த்தார். இனி ஸ்கேனுக்காக லூயிவில் நகரம் வரை அலைய வேண்டாமே என்று ஊர் கைதட்டியது. தேவாலயத்து மீன் வறுவல் விருந்தில் யார் நிழல் பெரிது என்று போட்டியே நடந்தது.

முதுகு வலி என்று போன, பள்ளிப் பேருந்து ஓட்டும் கிழவர் வெர்னனுக்கும் நிழல். வரும் செவ்வாய்க்கிழமை பிரூயிட் கையாலேயே ஆபரேஷன். பிசகினால் ஆள் எழுந்து நடப்பதே சந்தேகம்.

அவர் மனைவியின் தங்கை இமோஜீன், பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். "ஏம்ப்பா வெர்னன், யாருக்காவது நிழல் இல்லைன்னு அந்தாளு சொல்லியிருக்காரா?"

"அவரு கைராசி அப்படி! தப்பவே தப்பாது."

"அப்ப சோதிச்சுப் பாத்துடலாம், வா. நான் சொல்றதை மட்டும் அங்க சொல்லு."

மருத்துவமனைக் கூடத்தில் நிற்க இடமில்லை. பிரூயிட்டே வெளியே வந்து வெர்னனின் தோளைத் தட்டினார்.

"டாக்டர், என் காப்பீடு ரத்தாயிடுச்சு. கையிலயும் காசில்ல. நீங்கதான் எப்படியாவது ஆபரேஷனை..."

தோளிலிருந்த கை முதுகுக்கு இறங்கியது. கண்கள் மூடின. "அடடே, நிழல் கரைஞ்சுபோச்சே! ஆபரேஷனே வேண்டாம். தினம் கொஞ்சம் நடங்க."

இமோஜீன் கூட்டத்தைப் பார்த்தாள். "வேற யாருக்காவது காப்பீடு போயிடுச்சா?"

மூலையிலிருந்து தடியர் டுவெயின் மெல்ல எழுந்தார். "எனக்கும்தான் போயிடுச்சு டாக்டர். தொட்டுப் பாருங்களேன்."

"எனக்கும்!" "என் வீட்டுக்காரருக்கும்!" கூடமே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாம் சட்டப்படிதான்யா! ஒரே கூரை!" என்று கத்தினார் பிரூயிட்.

கூரை ஒன்றா என்றுதான் சட்டம் கேட்கும். நோய் உண்டா என்று கேட்க வேண்டியவர் முதுகுக்குச் சொந்தக்காரர். அதற்காகவே அந்த முதுகுக்கு மேலே தலை என்று ஒன்று வைத்திருக்கிறது.

வெர்னனின் பேருந்தில் ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. மாற்றினார்கள்; முதுகு வலி போயிற்று.