பத்ரிநாராயணன் நெடுங்கண் தேர்ந்த படலம்

கருடனை ஊர்தியாகக் கொண்ட பெருமானே, நின் ஊர்தியின் உற்றார் உறவினரான சகல புள்ளினங்களும் ஒரு நாழிகை அசையாமல் உட்கார அருள்வாயாக! நந்தனத்து வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவை ஆள்பவனும், மயிலை மாடவீதியில் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தபடி வானை அளப்பவனும், முழுப் படச்சுருளையும் ஒரே பறவைக்குப் படைத்துவிட்டுப் பிரிண்ட் வந்ததும் அந்தப் பறவை எங்கே என்று தானே தேடும் பேராற்றல் வாய்ந்தவனுமாகிய பத்ரிநாராயணனின் வீரத்தை இங்கே விரித்துரைக்கிறோம். அவனைக் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பான்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டின் மார்கழிப் பனியில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே, நீர் நடுவே நட்ட ஒரு கழியின் உச்சியில், மீன்குலத்துக்குக் கூற்றுவனான விராலடிப்பான் என்னும் அரிய கழுகு வீற்றிருக்கக் கண்டான் நம் தலைவன். அடுத்த ஞாயிறும் அது அங்கேயே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. தவத்தில் அமர்ந்த முனிவரும் நடுநடுவே காலை மாற்றுவார், இதுவோ அசையவில்லை. காற்றடித்தால் மட்டும் இறக்கையை லேசாக விரித்து உலர்த்திக்கொண்டது. ஆகா, என்ன பொறுமை என்று மெய்சிலிர்த்துப் படமெடுத்தவன், அதை வங்கியின் உள்சுற்றுப் பத்திரிகைக்கு ஆசிரியரான சுப்பராமனிடம் நீட்டினான். கடுகளவாய்க் கறுத்திருந்த அந்தப் புள்ளியைச் சுப்பராமன் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

“பறவை எங்க ஓய்?” என்றார்.

கேண்டீனே கொல்லென்று சிரித்தது. காபி டம்ளரைக் கேடயம்போல் மேசைமேல் வைத்து எழுந்தான் பத்ரிநாராயணன். “வரும் ஞாயிறன்று தொலைவைக் கிட்டக் காட்டும் நெடுங்கண் லென்ஸ் ஒன்று வாங்கி, உம்மையே அழைத்துப் போய், இறகு இறகாகப் படமெடுப்பேன், தவறினால் இந்தக் கேமராவை இனிக் கையால் தொடேன்!” என்று சூளுரைத்தான். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டான். கேமரா போனால் அவனுக்கு ஞாயிறு என்று என்ன மிச்சம்? டிவியும் தூக்கமும்தான்.

தியாகராய நகரில், புடவைக் கடைகளின் சேனை நடுவே சிறைப்பட்டிருந்த கேமராக் கடையில் இரண்டு நெடுங்கண்கள் அவனை எதிர்கொண்டன. ஒன்று முந்நூறு மில்லிமீட்டர் ஜூம், கைக்கடக்கம், சாது, பார்த்தால் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. மற்றதோ ஐந்நூறு மில்லிமீட்டர் ஜூம், ஆட்டுக்கல் குழவியை நிகர்த்த கனமும் பீரங்கியை நாணச் செய்யும் நீளமும் கொண்டது. இதைத் தூக்கினால் தோள் கெஞ்சியது, அதைத் தூக்கினால் மனம் கெஞ்சியது. கடை மூடும்வரை இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான கடைக்காரர் இசக்கிமுத்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “எதை எடுத்தாலும் பறவை ஒக்காரணும்லா சார்” என்று அருள்வாக்கு உரைத்து ஷட்டரை இறக்கினார்.

மானுடர் தீர்க்காததைப் பெருமாள் தீர்க்கட்டும் என்று வீட்டில் பூக்கட்டிப் பார்த்தான். சிவப்பு அரளி வந்தால் ஐந்நூறு, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் முந்நூறு. இலையில் மடித்த இரு பொட்டலங்களையும் பெருமாள் படத்தின்முன் குலுக்கிப் போட, மனைவி ஜெயலக்ஷ்மி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. தலைவனின் முகம் சுண்டிப்போயிற்று. பெருமாள் அவசரப்பட்டிருப்பார் என்று மறுபடி குலுக்கினான். மறுபடியும் வெள்ளை. மூன்றாம் முறைக்கு அவன் கை நீண்டதும் ஜெயலக்ஷ்மி எழுந்துவிட்டாள்.

“ஏன்னா, ஒங்களுக்கு எது வேணும்னு ஒங்களுக்கே தெரிஞ்சாச்சு. பெருமாளை விட்டுடுங்கோ. அடுப்புல ரசம் கொதிக்கறது.”

பறவைமேல் ஏறிப் போகிறவருக்குத் தூரத்திலிருந்து படமெடுக்கும் கஷ்டம் எப்படித் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, தெய்வ வாக்கைத் தள்ளி, ஐந்நூறையே வாங்கி வந்தான்.

ஞாயிறு விடிந்தது. பட்டினப்பாக்கத்து மணலிலே மங்கி குல்லாய் என்னும் மகுடம் தரித்த சுப்பராமன் முன்னே நடக்க, ஐந்நூறைக் குழந்தைபோல் மார்போடணைத்துப் பின்னே நடந்தான் நம் தலைவன். தூரத்துக் கழியில் அந்தக் கருமை அப்படியே இருந்தது. அப்பாடா என்று உயிர் வந்தது. ஆனால் அந்தோ, தூக்கி நிறுத்திய கண்ணாடிக் கோபுரம் அவன் கையில் வெடவெடவென்று ஆடியது! கடல் ஆடியது, கழி ஆடியது, உலகே ஆடியது. முக்காலி வாங்க மறந்த மாவீரன் சுற்றுமுற்றும் பார்த்தான். அங்கே ஊன்றத்தக்கது பகைவனின் தோள் ஒன்றுதான். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டான். சுப்பராமனும் மனுஷர், மறுக்கவில்லை. கழிக்கு நேராகத் திரும்பிக் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி நின்றார்.

“கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கோங்கோ சார்.”

அவர் பிடித்துக்கொண்டார். பகைவனின் வலத்தோளில் நெடுங்கண்ணைச் சார்த்தி, இடக்கண்ணை இறுக்கி, குவிய வளையத்தை அணுவணுவாகத் திருகினான். மங்கியது தெளிந்தது, கடுகு மிளகாகி, மிளகு நெல்லியாகி, கரிய மேனி பளபளவென்று மின்ன, காற்றிலே இரு இறக்கைகளும் செவிகள்போல் எழுந்து விரிய, அவற்றின் நடுவே ஒரு ஜவுளிக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் துலங்கியது.

அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பறந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான், ஆனால் கழி சுப்பராமனுக்கும் நேர் எதிரேதான் இருந்தது.

“தெரியறதா ஓய்?” என்றார் சுப்பராமன், மூச்சு விடாமலே.

“பிளாஸ்டிக் கவர் சார்” என்று சொல்லி பத்ரிநாராயணன் லென்ஸின் மூடியை மாட்டினான்.