போகும்போது அவள், வரும்போது நான்

லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர். ஒரு மீற்றர் குறைந்தாலும் என் பெயர் கிறிஸ்தோபர் இல்லை.

இந்தச் சபதத்தைப் புதுவருடப் பூசை முடிந்த கையோடு, மாதா கோயில் வாசலில் வைத்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி மரிய கொறற்றி, "போன வருஷம் சீனிய விடுறேன்னு சபதம் எடுத்தீங்க" என்றாள். அது எத்தனை நாள் நின்றது என்று கேட்கவில்லை. என் கையில் இருந்த கேக் துண்டை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஜப்பான் ஹைபிரிட் கார். பெற்றோலிலும் ஓடும், பற்றரியிலும் ஓடும். விற்ற தரகர் லீற்றருக்கு முப்பது ஓடும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். யாருடைய தலையில் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். மாத்தளை டவுனுக்குள் அது பதினெட்டைத் தாண்டவில்லை. ஸ்டார்ட் பண்ணியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பான் மொழியில் பணிவாக ஏதோ சொல்வாள். அந்த ஊர் நெடுஞ்சாலைக் கட்டணக் கார்டைச் செருகவில்லை என்று சொல்கிறாளாம். எங்கள் வீட்டில் என்னோடு பணிவாகப் பேசும் ஒரே பெண் அவள்தான். அவளும் குறைதான் சொல்கிறாள்.

சிரிக்காதீர்கள். பெற்றோல் இல்லாத அந்த வருஷத்தில் மூன்று நாள் வரிசையில் படுத்து எழும்பியவன் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு சொட்டும் எனக்குத் தீர்த்தம் மாதிரி.

ஆகவே விதிகள் எழுதினேன். முதலாம் விதி: ஏசி போடக்கூடாது. இரண்டாம் விதி: ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாம் விதி: மேலதிக ஆளோ சுமையோ ஏற்றக்கூடாது. டைப் அடித்து, லமினேற் பண்ணி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஸ்பெயார் டயரைக் கழற்றி வீட்டில் வைத்தேன். கால் மிதிக்கிற விரிப்புகளையும் எடுத்துவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். கொறற்றியின் ஹேண்ட்பேக்கைத் தராசில் வைத்தேன்.

"ஒண்ணே முக்கால் கிலோ! உள்ளுக்கு என்ன, அம்மிக்கல்லா?"

"உங்க பிரஷர் குளிசை. உங்க வாசிக்கிற கண்ணாடி. உங்க துவாய்."

பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

தொழிலில் நான் சர்வேயர். மட்டக் கருவியைக் கண்ணில் வைத்தால், எந்தக் காணி எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் சரிகிறது என்று சொல்லிவிடுவேன். இந்த மாவட்டத்தில் நான் அளக்காத தோட்டம் குறைவு. ஆனால் வேலைக்குக் காரில் போவதில்லை. தோட்டத்துக் குழிகளில் விழுந்து எழும்பினால், லீற்றருக்கு இத்தனை என்கிற எவரேஜ் படுத்துவிடும். ஓட்டோ பிடித்துப் போவேன். கார் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

கொறற்றிக்குத் தம்புள்ளை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. போக நாற்பத்தைந்து கிலோமீற்றர், வர நாற்பத்தைந்து. பதினாலு வருஷமாக பஸ்ஸில்தான் போய் வருகிறாள், பெரும்பாலும் நின்றபடி. லைசன்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. லைசன்ஸ் அலுமாரியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்தவள், கதிரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.

"என்னங்க, சாவியத் தாங்க. இனி நான் கார்ல போய் வாறேன். கால் ரெண்டையும் பாருங்க, நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது."

பார்த்தேன். மனசு இளகியது, அதை மறைப்பானேன். ஆனால் காருக்குள் எவரேஜ் காட்டும் ஸ்கிரீனில் பதினெட்டு என்ற இலக்கம் கண்முன்னே வந்து நின்றது.

"நீ ஓட்டினா எவரேஜ் விழும் கொறற்றி."

"கார் ஓடுறதுக்கு வாங்கினதா, பாத்துக்கிட்டு இருக்க வாங்கினதா?"

"உனக்கு வெளங்காது. ஹைபிரிட்ட மிதிக்கிற கால் பஞ்சு மாதிரி இருக்கணும்."

"எங்கிட்ட இருக்கிறது வீங்கின காலுதான். பரவாயில்ல, போட்டி வைப்போமா?"

"எங்கூடவா? நீயா?"

"சனிக்கிழமை தம்புள்ளைக்குப் போவோம். ஒரே காரு, ஒரே ரோட்டு, ஒரே பெற்றோல். போகும்போது நான் ஓட்டுறேன். வரும்போது நீங்க ஓட்டுங்க. யாரு லீற்றருக்குக் கூட எடுக்கிறாங்களோ, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சாவி அவங்களுக்கு."

"தோத்தா அதுக்குப் பிறகு சாவின்னு வாயத் தொறக்கக்கூடாது."

"தொறக்கல."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. "அதென்ன, போகும்போது நீ?"

"வரும்போது லொறி கூடங்க. உங்கள மாதிரி அனுபவம் உள்ள ஆளுதான் அதுக்குள்ள ஓட்ட முடியும்."

நெஞ்சு நிமிர்ந்தது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நான் எதையோ இழந்தேன் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். ஸ்கிரீனை நானே பூச்சியத்துக்குக் கொண்டு வந்தேன். கொறற்றி ஏறி, சீட்டைச் சரிபண்ணி, ஜப்பான்காரியின் முறைப்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, முதல் வேலையாக ஏசியைப் போட்டாள்.

"முதலாம் விதி!" என்று கத்தினேன்.

"எனக்குத்தானே குறையும்? உங்களுக்கு லாபம்தானே."

அதுவும் சரிதான். வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. என் சொந்தக் காரின் ஏசியை நான் அன்றுதான் அனுபவித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பலாபத்வளை தாண்டினோம். அறுபதில் போனாள். இரண்டாம் விதியும் போயிற்று. மாதா பாட்டு ஒன்றை மெதுவாக முனகிக்கொண்டு போனாள். அடிக்கடி அந்தப் பச்சை வெளிச்சம் எரிந்தது. பற்றரியில் ஓடுகிறது என்று அர்த்தம். நான் ஓட்டும்போது அது விசேஷ நாட்களில் மட்டும் எரியும். நாலந்தாவில் ஸ்கிரீன் இருபத்திரண்டு என்றது. நாவுலயில் இருபத்திநாலு. தம்புள்ளை மரக்கறிச் சந்தை வாசலில் காரை நிறுத்தினாள்.

இருபத்தைந்து தசம் மூன்று.

என் சபதம்! கோயில் வாசலில் நான் எடுத்த சபதத்தை, ஏசியைப் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு இவள் நிறைவேற்றிவிட்டாள். ஆனாலும் தைரியத்தை விடவில்லை. இவளுடைய வீங்கின காலே இருபத்தைந்து எடுத்தால், என் பஞ்சுக் கால் முப்பது எடுக்காதா?

சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத் திரும்பினோம். ஸ்கிரீனைப் பூச்சியமாக்கினேன். ஏசி கிடையாது. யன்னலையும் மூடினேன், காற்றுப் புகுந்தால் கார் இழுபடும். நாற்பதில் போனேன். காருக்குள் இடியப்பம் அவிக்கலாம் போல இருந்தது. பின்னால் முட்டைக்கோசு லொறிகள் வரிசையாக ஹோர்ன் அடித்தன. ஒரு ட்ரைவர் பக்கத்தில் வந்து, மரண ஊர்வலமா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போனான்.

ஸ்கிரீன் பத்தொன்பது என்றது.

"நான் செருப்பக் கழட்டி வெளிய போடவா?" என்றாள் கொறற்றி, அக்கறையாக.

"பேசாம வா."

"தண்ணி போத்தல ஊத்தவா? ஒரு லீற்றர் இருக்கு."

"...ஊத்து."

ஊற்றினாள். பத்தொன்பது தசம் இரண்டு. நாவுல வந்தது. பத்தொன்பது தசம் ஒன்று. பெருவிரலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.

"பாவமா இருக்குங்க உங்களப் பாக்க. நான் வேணும்னா இங்க இறங்கி பஸ்ல வாறேன். அம்பத்தெட்டு கிலோ குறையும்."

ஒரு நல்ல கணவன் என்ன சொல்லியிருப்பான்? "சேச்சே, என்ன பேச்சு இது" என்றிருப்பான்.

நான் பிரேக் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன், திடீரென்று போட்டால் எவரேஜ் விழும்.

கால் மணித்தியாலம் கழித்து, பின்னால் ஒரு பஸ் முக்கிக்கொண்டு வந்து என்னை முந்தியது. யன்னல் பக்கத்துச் சீட்டில் இருந்து ஒரு கை ஆடியது. அந்தக் கையில் ஐஸ்பழம் இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் தேத்தண்ணி ஊற்றி, ஆற்றி, மூடி வைத்திருந்தாள். என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வரும்.

"எவ்வளவுங்க?"

"இருபது."

"சரியா இருபதா?"

"இருபது தசம் ஒண்ணு!"

கையை நீட்டினாள். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினேன். ஒன்றே முக்கால் கிலோ ஹேண்ட்பேக்குக்குள் அது போய் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று பின்னேரம் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. டயரில் காற்றுப் பார்த்தேன். பொனற்றைத் திறந்து பார்த்தேன். எதிர்க்காற்று என்று சொல்லிப் பார்த்தேன். ஏசி போட்டால்தான் கூட ஓடுமோ? அந்த ஜப்பான்காரி இவளோடு சேர்ந்துகொண்டாளோ?

"எப்படி கொறற்றி? எப்படி? நான் உன்ன விட மெதுவாத்தானே வந்தேன்!"

அவள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

"பதினாலு வருஷமா அந்த பஸ்ல நிக்கிறேன். காலையில போகும்போது உடம்பு முன்னுக்குச் சாயும். முன்சீட்டுக் கம்பிய இறுக்கிப் பிடிக்கணும். பின்னேரம் வரும்போது பின்னுக்கு இழுக்கும். ட்ரைவர் கியர மாத்தி மாத்தி, பஸ் அழுதுகிட்டே வரும். அது ஏன்?"

"ஏன்?"

அகப்பை நேராக ஹால் சுவருக்குப் போனது. அங்கே நான் கண்ணாடி போட்டு மாட்டிய மாத்தளை மாவட்ட வரைபடம், உயரக் கோடுகளோடு.

"மாத்தளை கடல்மட்டத்துல இருந்து முந்நூத்திச் சொச்சம் மீற்றர். தம்புள்ளை நூத்திச் சொச்சம். போகும்போது மொத்தத்துல இறக்கம். வரும்போது மொத்தத்துல ஏத்தம். இந்த மேப்புல கிழமைக்கு ஒருக்கா தூசி தட்டுறது நான்தானே."

"அப்ப நீ தெரிஞ்சுக்கிட்டேதான்..."

"ஊருக்கெல்லாம் மட்டம் பாத்துக் குடுக்கிறவர். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாமல் இல்லை. நான் ஏறி இறங்குகிற தோட்டத்து மலைகளைப் பார்த்த கண்ணுக்கு அந்த ரோட்டு மேசை மாதிரித் தெரிந்துவிட்டது. அந்த வரைபடத்தைப் பிரேம் போட்டது நான். வாசித்தது அவள்.

"இந்தப் போட்டி செல்லாது! அடுத்த சனிக்கிழமை திரும்ப வைப்போம். போகும்போது நான் ஓட்டுறேன்!"

"வைப்போமே. சனிக்கிழமை சாவி உங்ககிட்டத்தான் இருக்கும். நான்தான் வரமாட்டேன். எனக்கு லீவு நாளாச்சே, கால நீட்டிக்கிட்டு இருக்கப்போறேன்."

திங்கட்கிழமை எனக்கு நாவுலயில் ஒரு காணி அளக்க இருந்தது. அவள் போகிற வழிதான். மட்டக் கருவி, அதை நிறுத்தும் முக்காலி, பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கார் பக்கத்தில் போய் நின்றேன். அவள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பதினாலு வருஷக் களைப்பைக் காணவில்லை. அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது.

"என்னய நாவுலயில இறக்கி விடு கொறற்றி."

அவள் யன்னலை இரண்டு அங்குலம் இறக்கி, நான் லமினேற் பண்ணி ஒட்டிய தாளை விரலால் தட்டினாள்.

"மூணாம் விதி. மேலதிக ஆளோ சுமையோ ஏத்தக்கூடாது."

"நான் மேலதிக ஆளா?"

"முக்காலியோட சேத்து தொண்ணூறு கிலோங்க. எவரேஜ் விழுந்துடும்."

கார் சத்தமே இல்லாமல் போய்விட்டது. பற்றரியில் போகிறாள்.

ஏழு மணி பஸ்ஸில் சீட் இல்லை. ஒரு கையில் முக்காலி, ஒரு கையில் கம்பி. பலாபத்வளை தாண்டியதும் கவனித்துப் பார்த்தேன்: உடம்பு முன்னுக்குத்தான் சாய்கிறது.