நேத்து சாரும் மூன்று பூனைகளும்

பூனையின் மலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசக்கூடிய மனிதர் ஓசூர் வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தது எங்கள் தலையெழுத்து.

எண்பதுகளின் நடுவில், தொழிற்சாலைகள் மளமளவென்று முளைத்துக்கொண்டிருந்த காலம். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஆறு குடித்தனங்கள் கொண்ட லைன் வீட்டில் நானும் என் மனைவி சாந்தியும் ஐந்தாவது வீடு. கடைசி வீட்டில் அவர். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மூன்று பூனைகளைத் தவிர அவருக்கு வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'நேத்து சார்' என்றால்தான் தெரியும். அவர் ஓயாமல் சொன்னது ஒரே விஷயம்: "பூன இன்னைக்குப் போனது ஒண்ணும் பண்ணாதுங்க. நேத்துப் போனதுதான் ஆபத்து. அதுல இருக்கற கிருமி ஒரு நாள் கெடந்தாத்தான் முழிச்சுக்கும்." அதனால் வரும், வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் நோய்க்கு டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று பெயர். அவர் அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் பஸ் ஏறியிருப்பார்.

ஊரில் எல்லோரும் "சாப்டாச்சா?" என்று விசாரிப்பார்கள். பூனை வளர்க்கும் வீடாக இருந்தால் இவர் "அள்ளியாச்சா?" என்பார். கறி விருந்துக்குக் கூப்பிட்டால், வேகாத கறியிலும் அதே கிருமி இருக்கும் என்று முதல் துண்டைப் பிய்த்து, வெளிச்சத்தில் காட்டி, உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு கல்யாணத்தில், "இன்னும் கால் மணி நேரம் வேகணுங்க" என்று இலையிலிருந்த கறியைச் சமையல்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை.

சாந்திக்கு முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினோம். அவள் மறுபடி உண்டானபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, கோபம் வந்தால் எல்லா மொழியும் வரும். "பூன முடி வயித்துக்குள்ள போனா புள்ள தங்காது. வத்தப்பா, வத்து, வேணவே வேணாம்! அதுங்கள மொதல்ல தொரத்து" என்றார்.

"முடியில ஒண்ணும் இல்லம்மா. வூட்டுக்குள்ளயே வெச்சு, வேகவெச்ச சோறுதான் போடறேன். தெனம் காலைல நானே அள்ளறேன்" என்று நேத்து சார் மன்றாடினார். யார் கேட்டது?

நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போயிருந்த நேரத்தில், வீட்டுக்காரம்மா மாற்றுச் சாவி போட்டுத் திறக்க, மூன்றையும் கோணிப்பையில் கட்டி பஸ் ஏறினேன். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ்ஸைச் சோதிக்க ஏறியவர் பையைத் தட்டினார்.

"ஏனப்பா இது? என்ன இருக்கு உள்ள?"

பதிலைப் பூனைகளே சொல்லிவிட்டன.

"பெக்கு! பூனையா!" என்று அவர் கன்னடத்தில் சிரித்தார். "தமிழ்நாட்டு எலியெல்லாம் தீர்ந்துபோச்சா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, எல்லை தாண்டியதும் இறங்கிப் பையை அவிழ்த்தேன்.

எட்டாம் நாள் இரண்டு பூனைகள் திரும்பி வந்தன. வெள்ளைப் பூனை வரவே இல்லை. நேத்து சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"இத்தன நாளு சோறு தின்னுட்டுக் கெடந்துச்சுங்க. இப்ப வழியெல்லாம் எலி தின்னுட்டு வந்திருக்குதுங்க. எலிலருந்துதான் அந்தக் கிருமி பூனைக்குத் தொத்தும். இப்பத்தான் சார் நாம பயப்படணும்" என்றார்.

அவரே வற்புறுத்தி, பெங்களூரில் சாந்தியின் ரத்தத்தைப் பரிசோதிக்க வைத்தார். இதுவரை தொற்றவே இல்லை என்று வந்தது. நான் ஸ்வீட் வாங்கப் போனேன். "நில்லுங்க சார். இதுவரைக்கும் வரலன்னா, இனிமே வர்றதுக்கு எடம் இருக்குதுன்னு அர்த்தம்" என்று அந்தச் சந்தோஷத்தையும் கெடுத்தார்.

வாசலில் வீட்டுக்காரம்மா மாடி கட்டக் கொட்டிய மணல் குவியல் இருந்தது. தெருப் பூனைகளுக்கெல்லாம் அதுதான் கக்கூஸ். ஒரு சாயங்காலம் நேத்து சார் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"சார், உங்க வூட்டம்மா மண்ணு திங்கறாங்க."

சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மழ பேஞ்சா அந்த வாசன இழுக்குதுங்க. நேத்துதான் மொதல் தடவ. வாயில போட்டதும் துப்பிட்டேன்" என்றாள். நான் கத்த ஆரம்பித்தேன். நேத்து சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திட்டாதீங்க. மசக்கைல அப்படித்தான் இருக்கும். எஞ்சம்சாரமும் தின்னா. ஆசப்படறாளேன்னு நானே மணல் மேட்டுலருந்து அள்ளிக் கொண்டாந்து குடுத்தேன். பொண்ணு பொறந்துச்சு. ரெண்டு கண்ணும் தெரியல. நாலு வருசம் இருந்தா. அதுக்கப்புறந்தான் மணல்ல பூன போனதுதான் காரணம்னு எங்க ஆஸ்பத்திரி டாக்டர் பொஸ்தகத்துல காட்டுனாரு. எஞ்சம்சாரம் அவங்கம்மா வூட்டுக்குப் போனவ, திரும்பல."

"அப்புறம் எப்படி சார் பூனையை வெச்சுக்கிட்டு..." என்றேன்.

"பூன மேல தப்பில்லீங்க. தெரியாம இருந்தது நானு."

அன்று முதல் அந்த மணல் அவர் பொறுப்பு. மேல் மண்ணை வெட்டித் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தார். மேலே தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கல் வைத்தார். தினமும் விடிந்ததும் ஒரு சுற்று. சாந்தியின் வாய்க்குக் கிருஷ்ணகிரி மாங்காய் வாங்கி வந்து, நாலு தண்ணீரில் கழுவிக் கொடுப்பார். மாதா மாதம் அவளைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி என் உயிரை எடுத்தார். லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பெண் குழந்தை. சாந்தி தாய் வீட்டிலிருந்து அவளை மூன்றாம் மாதம் கூட்டி வந்தாள். நேத்து சார் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரு சின்ன டார்ச்சோடு வந்தார். அதன் முகப்பில் மெல்லிய துணி சுற்றியிருந்தார். வெளிச்சத்தை இடமிருந்து வலமாக நகர்த்தினார். குழந்தையின் கண்கள் கூடவே போயின. திருப்பி நகர்த்தினார். கண்களும் திரும்பின. மறுபடி, மறுபடி.

"நல்லாப் பாக்குதுங்க சார்" என்றாள் சாந்தி.

"ஆமாம்மா. பாக்குது" என்றார். டார்ச்சை அணைக்க அவரால் முடியவில்லை. சாந்தி அதை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் சுவரோரமாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார். இருட்டும் வரை அவளை மடியிலேயே வைத்திருந்தார். திருப்பித் தரச் சொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.