ஒவ்வொரு துடக்குக்கும் ஒரு பட்டம்

பாரிஸ், லா சப்பல்
ஆகஸ்ட் 2, ஞாயிறு

மல்லாகத்தில் சகல மரியாதைகளோடும் வீற்றிருக்கும் என் பெரியக்கா, சமாதான நீதவான், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் தில்லைநாயகி அவர்களுக்குத் தம்பி இராஜேந்திரன் பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும், அத்தானின் சீனி வருத்தமும், கிணற்று மோட்டரும் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் தயாளினியும் மகள் கஜனியும் உடம்பால் சுகம். மனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

டெலிபோனில் சொல்லத் தொடங்கினால் "டேய் ராசன், முக்கியமான விசயத்தை எழுத்திலை தா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் வேலை லீவு நாளில் குந்தியிருந்து எழுத்தில் தருகிறேன். கேட்பது ஒன்றுதான். செப்டெம்பர் ஆறாம் திகதி கஜனியின் கலியாணத்தை நடத்த நீங்கள் ஓம் சொல்ல வேண்டும். நீங்கள் மாட்டேன் என்றாலும் அவள் நடத்துவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சபையில் தகப்பன் நிற்பானா இல்லையா என்பதுதான் உங்கள் வாயில் இருக்கிறது, ஏனென்றால் அம்மா அப்பா போன பிறகு உங்கள் சொல்லை நான் ஒருநாளும் தாண்டினதில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குச் சில இடங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மாப்பிள்ளை கொலம், அயர்லாந்துப் பெடியன், இங்கே கால்வாய்க் கரையில் சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை. கஜனியின் சைக்கிள் செயின் கழன்ற அன்று தொடங்கின விசயம். "சைக்கிள் கடைக்காரனுக்கோ என்ரை பிள்ளை?" என்று நான் எட்டு மாதம் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனுக்கு வந்த கடித உறை ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவனுடைய பெயருக்கு முன்னால் இங்கிலீசில் "கௌரவ" என்று போட்டிருந்தது. எங்கள் நாட்டில் கௌரவ என்றால் ஒன்று மந்திரி, இல்லாவிட்டால் பாராளுமன்ற உறுப்பினர். "எந்தத் தொகுதியிலை நிண்டவர்?" என்று கேட்டேன். கஜனி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினாள். கொலமின் பூட்டன், அப்பப்பாவின் தகப்பன், ஒரு ஏர்ல், அதாவது பெரிய பிரபு. அவருக்குப் பின்னால் மகன், பேரன், கடைசியில் கொலம், எல்லாரும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற மாதிரி ஆளுக்கொரு பட்டத்தோடு நிற்கிறார்கள். முன்னால் நிற்கிறவர் கண்ணை மூடினால் மற்றவர்கள் ஒவ்வொரு படி ஏறுவார்கள். "அயர்லாந்து இப்ப குடியரசு அப்பா, உந்தப் பட்டத்துக்கு அங்கை ஒரு மதிப்பும் இல்லை, மழைக்கு ஒழுகிற பெரிய வீடு ஒண்டுதான் மிச்சம்" என்றும் சொன்னாள். அதை நான் கேட்கவில்லை. கௌரவ வரைக்கும்தான் கேட்டேன். அடுத்த கிழமையே சம்மதம் சொன்னேன்.

கலியாணம் மே இருபத்துமூன்று. பிலிப்-து-ஜிரார் தெருவில் அச்சகம் வைத்திருக்கிற மன்னார்ப் பெடியன் மடுத்தீனிடம் நானூறு கார்ட் அடித்தோம், "கௌரவ கொலம்" என்று. உங்கள் பெயர் மாப்பிள்ளையின் பெயருக்கு மேலே வரவேண்டும் என்று நீங்கள் இரண்டு தரம் எடுத்துச் சொன்னீர்கள், அதையும் போட்டேன். மே ஒன்பதாம் திகதி பூட்டன் தொண்ணூற்றேழு வயதில் நித்திரையிலேயே போய்விட்டார். உங்களுக்கு டெலிபோன் எடுத்தேன். "மாப்பிள்ளை வீட்டிலை முப்பத்தொரு நாள் துடக்கு. அதுக்குள்ளை நல்ல காரியம் செய்யேலாது. தாலி கட்டினியள் எண்டால் நான் அந்தப் படத்தையும் பார்க்கமாட்டன்" என்றீர்கள். கொலம் பாவம், "அங்கிள், எங்கடை ஆக்களுக்குத் துடக்கு இல்லையே" என்றான். "உமக்கு இல்லாட்டியும் எங்களுக்கு இருக்குத் தம்பி" என்று ஜூலை ஐந்துக்கு மாற்றினேன். ஆனால் அக்கா, உண்மையைச் சொல்கிறேன், அனுதாபம் சொன்ன வாயோடு நான் கேட்ட முதல் கேள்வி "இப்ப உமக்கு என்ன பட்டம்?" என்பதுதான். "லோர்ட்" என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மடுத்தீனிடம் ஓடினேன், புதுக் கார்ட் அடித்தேன். பெர்தொனே தெருவில் நகைக்கடை, புடவைக்கடை, தேத்தண்ணிக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கிச் சொன்னேன். தயாளினி பழைய கார்ட்டுகளின் பின்பக்கத்தில் சாமான் லிஸ்ட் எழுதத் தொடங்கினாள்.

ஜூன் இருபத்துநான்கு, கொலமின் அப்பப்பா. ஆறு கிழமைதான் ஏர்ல் ஆக இருந்தார் மனிசன். கூரை ஒழுக்கை அடைக்க ஏணியில் ஏறின இடத்தில் நெஞ்சு வலி வந்து விழுந்துவிட்டார். இந்தமுறை சம்பந்தி முறைக்கு நானும் போனேன். வெறுங்கையோடு போகலாமா? மடுத்தீனைக் கொண்டு கண்ணீர் அஞ்சலி அடிப்பித்தேன், படமும் பூவும் விளக்கும் வைத்து, "ஏணியேறி வானகம் சென்ற எங்கள் பிரபுவே" என்று எட்டு வரிப் பாட்டோடு. ஐம்பதை லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டினேன். "ஆர் அண்ணை உந்த வெள்ளைக்காரர்?" என்று சனம் என்னிடம் துக்கம் விசாரித்தது. ஐந்தை அயர்லாந்துக்குக் கொண்டுபோனேன். அவர்கள் அதைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்தார்கள்.

அங்கேதான் வில்லங்கம். செத்தவீட்டில் அடுப்பு எரிகிறது அக்கா! சனம் வந்து சாப்பிடுகிறது, குடிக்கிறது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று செத்தவரைப் பற்றியே பகிடி விட்டுச் சிரிக்கிறது. நான் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வெறும் வயிற்றோடு நின்றேன். அடக்கம் முடிந்தது. நாங்கள் செத்தவீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லுவோமா? நான் முறைப்படி ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல், பையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு நடந்துவிட்டேன். கஜனியும் கொலமும் ஒரு வயதான மாமியைக் காரில் விடப் போயிருந்தார்கள், ஆகவே விளங்கப்படுத்த ஆளில்லை. என் டெலிபோனிலும் சார்ஜ் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. பாரிஸிலிருந்து வந்தவர் துக்கம் தாங்காமல் குளத்துக்குள் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, கோட் சூட்டோடு இருபது பேர், நாலு நாய், ஒரு வள்ளம், எல்லாம் என்னைத் தேடத் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன.

நான் பஸ் ஸ்ராண்டில் இருந்தேன். கடைசி பஸ் போய்விட்டது என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் டிராக்டரில் என்னைத் தேடி வந்தவர் புது ஏர்ல், கொலமின் தகப்பன். தகப்பனைப் புதைத்த அதே கறுப்புக் கோட், முழங்கால் வரைக்கும் சேறு. "நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்: "பிழை ஒண்டும் இல்லை. செத்தவீட்டிலை எங்கடை ஆக்கள் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறேல்லை. திரும்பி வாறன் எண்டு சொல்லக்கூடாத வீடு." அவர் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு, "அப்பாவும் சொல்லாமல்தான் போட்டார். ஏணியைப் பிடி எண்டு கூப்பிட்டவர். நான் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாறன் எண்டு இருந்திட்டன்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். எனக்கு எங்கள் அப்பாவின் செத்தவீடு நினைவுக்கு வந்துவிட்டது அக்கா. விசாப் பேப்பர் இல்லாத காலம், வர முடியாமல் லா சப்பல் டெலிபோன் கடைக் கூண்டுக்குள் நின்று நீங்கள் அழுகிறதைக் கேட்டது. நானும் அழுதேன். இரண்டு கிழட்டு ஆம்பிளைகள் பஸ் இல்லாத பஸ் ஸ்ராண்டில் இருந்து குழறி அழுதோம். பிறகு டிராக்டரில் கூட்டிக்கொண்டு போய்த் தன் கையால் உருளைக்கிழங்கு அவித்துத் தந்தார், துடக்கு வீடு என்று பார்க்காமல் சாப்பிட்டேன். "இனியும் கலியாணத்தைத் தள்ளாதேங்கோ. இந்த வீட்டுக்குச் சந்தோசமாய் ஒண்டு வேணும்" என்றார்.

இதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாரிஸில் இறங்கினதும் மடுத்தீனிடம் போய் "வைகவுண்ட்" என்று எழுதிக் கொடுத்தேன், லோர்டுக்கு அடுத்த படி. "அண்ணை, பட்டத்துக்கு இடத்தை வெறுமையா விடுவம். அவை சாகச் சாக நீங்கள் பேனையாலை எழுதுங்கோ" என்றான் படுபாவி. நீங்களோ, போனது மாப்பிள்ளையின் சொந்த அப்பப்பா, ஆண்டுத் திவசம் முடியாமல் ஒன்றும் செய்யேலாது என்று ஒரு வருடத்தைத் தூக்கிப் போட்டீர்கள். அதற்கும் நான் தலையாட்டினேன். ஒரு வருடத்தில் என்ன பட்டமோ என்றும் ஒரு நினைப்பு வந்ததே, அதுதான் கேவலம்.

போன ஞாயிறு கொலம் எங்கள் வீட்டுக்கு வந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சும்மா இருக்க மாட்டாமல், "தம்பி, அடுத்தது உமக்கு ஏர்ல் தானே? அது எப்ப கிடைக்கும்?" என்று கேட்டேன். சாப்பாட்டுக் கோப்பையை மெதுவாக வைத்தான். "அப்பா செத்தால், அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழும்பி பல்கனிக்குப் போய்விட்டான்.

கஜனிக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். அன்றைக்குத் தமிழில் பேசினாள், அதுதான் எனக்குப் பயம். "பஸ் ஸ்ராண்டிலை உங்களோடை இருந்து அழுத மனிசன்தான் அப்பா அடுத்தது. அவர் எப்ப சாவார் எண்டோ கேக்கிறியள்? நீங்களும் மல்லாகத்து மாமியும் ஒரு சாவுக்குக் கார்ட்டை மாத்திறியள், மற்றச் சாவுக்கு நாளை மாத்திறியள். ஆக்கள் செத்துக்கொண்டுதான் இருப்பினம். செப்டெம்பர் ஆறு. விருப்பமெண்டால் வாங்கோ" என்றாள். தயாளினி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அறுபத்தொரு வயதில் என் வீட்டு மேசையில் நான் இப்படி வெட்கப்பட்டதில்லை. அந்த மனிசனுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு அக்கா. அவர் நூறு வயது இருக்க வேண்டும். கொலம் கிழவனாகும் வரைக்கும் ஏர்ல் ஆகவே கூடாது.

ஆகவே நேற்று மடுத்தீனிடம் போய் நாலாம் தரம் கார்ட்டுக்குச் சொல்லிவிட்டேன். கௌரவவும் இல்லை, லோர்டும் இல்லை, வைகவுண்டும் இல்லை. கொலம், கஜனி, அவ்வளவுதான். உங்கள் சமாதான நீதவானும் இல்லை. கோபிக்காதேங்கோ, தில்லைநாயகி என்றாலே மல்லாகத்தில் நாய்க்கும் தெரியும். நீங்கள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தரம் உங்கள் சொல்லைத் தாண்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு. மருந்தை நேரத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கோ. மாவிட்டபுரத்து முருகன் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும், குறிப்பாக உங்களுக்குக் கொஞ்சம் இளகின மனதையும் தரட்டும்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
தம்பி இராஜேந்திரன்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதின ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். உறையில் விலாசம் எழுதித் தரச் சொல்லிக் கஜனியிடம் கொடுத்தேன், அவள் முழுவதையும் வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். கலியாண எழுத்து முடிந்துவிட்டதாம். மார்ச் மாதமே! பூட்டனுக்குத் தொண்ணூற்றேழு, மே வரைக்கும் இருப்பாரோ தெரியாது என்று இரண்டு பேரும் மேரியில், அதுதான் நகரசபைக் கந்தோரில், போய்ப் பதிந்துவிட்டு, அயர்லாந்துக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்கள். கிழவர் கஜனியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் இருக்கிறது. அவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், நான்தான் பார்க்கவில்லை. சாட்சிக் கையெழுத்து யார் என்று நினைக்கிறீர்கள்? பல்லு டொக்டரிட்டைப் போறன் என்று பட்டுச்சேலையோடு வெளிக்கிட்ட என் மனிசி. ஆகவே மார்ச்சிலேயே அந்த வீட்டு மருமகளான கஜனிக்கு இரண்டு துடக்கும் உண்டு, அந்த நாளெல்லாம் அவள்தான் எங்கள் சாமித்தட்டில் விளக்கு ஏற்றினவள். உலகம் இடிந்து விழவில்லை.

இன்னொன்று, அத்தான் பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கோ. தை மாதம் கஜனிக்குப் பிள்ளை. கூறைச்சேலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் தெரியாதாம். பெடியன் என்றால் பிறக்கும்போதே லோர்டாம், அந்த வீட்டில் ஒருவரும் சாகாமல் வருகிற முதல் பட்டம். சம்பந்திக்கு நானே எடுத்துச் சொன்னேன்; டெலிபோனில் நாய்கள் குரைக்கக் குரைக்கச் சிரித்தார். செப்டெம்பர் ஆறு நான் சபையில் நிற்பேன் அக்கா, நீங்கள் வீடியோவில் முன்வரிசை. பிள்ளை பிறந்தாலும் முப்பத்தொரு நாள் துடக்கு என்று நீங்கள் சொல்ல முதல் நானே சொல்கிறேன். அந்தத் துடக்கை ஒரு நாள் குறையாமல் காப்பேன். கோயிலுக்கும் போகமாட்டேன், வேலைக்கும் போகமாட்டேன், பிள்ளையை மடியில் இருந்து இறக்கவும் மாட்டேன்.