இருமல் ஒழிந்த ஆண்டு

சமுதாய நல நிலையத்தின் கடைசி அறைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று பெயர். அங்கே யார் யார் வருகிறார்கள் என்று மேலிடத்துக்குத் திடீரென்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கண்டறிந்து வர ஓர் ஆய்வு அதிகாரியை அனுப்பினார்கள்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஆனால் இருமலுக்கு மட்டும் அந்த வருடம் எண்ணூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எல்லாரும் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேதி தவறாமல் இருமல் வந்திருந்தது.

அந்த அறையின் பொறுப்பு செவிலியக்காவிடம் இருந்தது. அத்தனை இருமலையும் எழுதியது அவள் கைதான். மாமியாருக்குத் தெரிந்துவிடுமோ, புருஷன் காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து வருகிறவளுக்குக் கருத்தடை ஊசியைப் போட்டுவிட்டு, சீட்டில் இருமல் என்று எழுதிக் கொடுப்பாள். பெயர் எழுதமாட்டாள், வெறும் எண்தான். பொய்தானே, அதற்காகத் தினமும் காலையில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

"யாருமே வர்றதில்லையேம்மா?" என்றார் அதிகாரி.

"வர்றாங்க சார்."

"அப்ப பேரைச் சொல்லுங்க. பேரு, விலாசம், புருஷன் கையெழுத்து மூணும் இருந்தாத்தான் பயனாளி. ஒரு பயனாளிகூட இல்லேன்னா இந்த அறையை மூடிடுவாங்க."

அக்கா பதிவேட்டைப் பார்த்தாள். நாற்பத்தோராம் எண், எதிரே நிற்கும் அதிகாரியின் மனைவி. நாலு பெற்றவள். ஐந்தாவதை உடம்பு தாங்காது என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதவள். வெள்ளிக்கிழமை அவளுக்கு அடுத்த ஊசி. அந்த ஒரு பெயரைச் சொன்னால் அறை பிழைக்கும். அவள் வீட்டில் என்ன ஆகும்? அக்கா பதிவேட்டை மூடி வைத்தாள்.

தீர ஆராய்ந்து அதிகாரி அறிக்கை எழுதினார்: மேற்படி மக்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை, இருமலே பெரும் இடர். வியாழக்கிழமையே ஊசிப் பெட்டிகளைத் தூக்கிப் போனார்கள். ஒரு லாரி இருமல் மருந்து வந்து இறங்கியது. வாசலில் இருமல் ஒழிப்புச் சிறப்புப் பிரிவு என்று புதுப் பலகை.

வெள்ளிக்கிழமை அதிகாரியின் மனைவி வந்தாள். கையில் கொடுத்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

தினம் மூன்று வேளை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதன்பிறகு இருமல் சீட்டு மளமளவென்று குறைந்து பூஜ்யத்துக்கு வந்தது. மேலிடம் மகிழ்ந்தது. அடுத்த ஆண்டறிக்கை வருவதற்குள் பிரசவ வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அதற்கு யாரும் ஆய்வு நடத்தவில்லை.

அக்காவுக்கான பாராட்டுப் பத்திரத்தோடு அதிகாரி வார்டுக்கே வந்தார். மூன்றாம் கட்டிலில் அவர் மனைவியும் ஐந்தாவது பிள்ளையோடு கிடந்தாள், முகத்தில் சொட்டு ரத்தமில்லாமல். 'இருமலை வேரோடு ஒழித்த சேவைக்காக' என்று அவர் உரக்க வாசித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மனைவி அக்காவைப் பார்த்தாள். மெதுவாக ஒருமுறை இருமினாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு இருமல். அதற்கடுத்த கட்டிலிலிருந்து இன்னொன்று. வார்டு முழுக்க இருமியது.

அதிகாரிக்கு முகம் வெளிறியது. "மறுபடியும் பரவுதே! இன்னும் ரெண்டு லாரி மருந்து வேணும்" என்று பேனாவைத் திறந்தார்.

வாசலில் நின்ற புருஷன்மார்கள் கவலையோடு தலையாட்டினார்கள். "ஆமா சார், இவளுங்களுக்கு இந்த இருமல் முன்னாடியே இருந்துச்சு. நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்."