மணிக்கட்டில் நீல சாக்பீஸ்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. நான் இங்கே நலமாக இல்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய் என்று தெரியும், கொளுத்திப் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு என்ன குறை? அத்தானின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்ததாகச் சொல். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தாய், சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றாய், அதுவும் சரி, கடைசி வரிசையில் நானே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் கொண்டுவந்த தீர்மானம் என்ன? நம் சின்ன வயதில் வந்து ஒழிந்துபோன டக்டக்கு இப்போது மறுபடியும் கடைக்கு வந்திருக்கிறது. கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் குண்டு, நடுவில் ஒரு வளையம், வளையத்தில் விரலை விட்டு மேலும் கீழும் உதறினால் குண்டுகள் மோதி மோதி மண்டைக்குள் ஆணி அடிக்கும். இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு பேர் கையிலும் அது. இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்று, படிக்கட்டு விளக்கு ஒன்று, மூன்றாம் மாடி பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடி ஒன்று, எல்லாம் போயாயிற்று. ஆகவே கட்டடத்துக்குள் டக்டக்கு கூடாது என்றேன். இதில் என்ன தப்பு? எல்லோரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், நீ எழுந்தாய்.

"இவன் சொல்றத நம்பாதீங்க. எங்க தெருவுக்கு மொதமொதல்ல டக்டக்கு கொண்டுவந்ததே இவன்தான்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உனக்குத்தான் கூட்டத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காதே! அந்தக் காலத்தில் டக்டக்கு ஆடத் தெரிந்தவனுக்கு அடையாளமே மணிக்கட்டில் குண்டு பட்டு ரத்தம் கட்டிய நீலத் தடம்தான் என்றும், அது இல்லாதவனை ஒரு பயலும் மதிக்கமாட்டான் என்றும், வலிக்குப் பயந்த நான் அப்பாவின் தையல் கடையிலிருந்து துணியில் கோடு போடுகிற நீல சாக்பீஸை எடுத்துத் தினமும் காலையில் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு மூன்று வாரம் தெருவுக்கே தலைவனாகத் திரிந்தேன் என்றும், ஊசி போட வந்த நர்ஸம்மா ஈரப் பஞ்சால் கையைத் துடைத்ததும் வீரத்தழும்பு முழுவதும் பஞ்சோடு போய்விட்டது என்றும், அந்தப் பஞ்சை வாத்தியார் வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டினார் என்றும் அளந்துவிட்டாயே, அக்கா, இதில் எத்தனை பொய்! மூன்று வாரம் இல்லை, இரண்டே வாரம். பஞ்சு ஈரமாக இல்லை, ஸ்பிரிட்டில் நனைத்தது. ஸ்பிரிட் போட்டால் எதுதான் போகாது? வாத்தியாரும் இரண்டு வகுப்புக்குத்தான் காட்டினார், அதற்குள் மணி அடித்துவிட்டது.

அதற்கு முந்தின வருஷம் பபிள்கம்மோடு படம் கொடுத்ததையும் விட்டாயா? ஒரே ஒரு படம் குறைகிறது என்று ஒரே நாளில் பதினேழு பபிள்கம்மை மென்று தாடை பிடித்துக்கொண்டு, வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது உள்ளேன் ஐயா சொல்ல முடியாமல் மேஜையைத் தட்டினேன் என்றாய். அந்த வலி பட்டவனுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. பிறகு ஓட்டெடுப்பு நடந்தது, தீர்மானத்துக்கு ஆதரவாக மூன்று கை. அதில் ஒன்று என்னுடையது, என் மனைவியுடையது இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, கை தூக்கினால் மணிக்கட்டைப் பார்ப்பார்கள் என்று பயமாக இருந்ததாம். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சிரிக்கிறாள்.

நீ அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். இங்கே இருந்து அனுபவிக்கிறவன் நான். மறுநாள் காலை பால் வாங்க இறங்கினால் படிக்கட்டில் வரிசையாகப் பிள்ளைகள், இருபத்திரண்டு மணிக்கட்டிலும் நீல சாக்பீஸ். செயலாளருக்கு வணக்கம் என்று கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், இந்தக் கட்டடத்தில் குடியிருக்காதவன், அவன் கையிலும் நீலம். பல் டாக்டர் என்னை வழிமறித்து, தாடை இப்போது நன்றாகத் திறக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். உடைந்தது அவருடைய மூக்குக்கண்ணாடி, அவருக்காகத்தான் தீர்மானமே கொண்டுவந்தேன்! முப்பத்தோரு வருஷம் ஒரு அலுவலகத்தைக் கட்டி மேய்த்தவன் நான், என்னைக் கண்டால் ஃபைல்கள் தானாக அடுக்கிக்கொள்ளும் என்பார்கள். இன்று என் நோட்டீஸை ஒருவனும் படிப்பதில்லை, அதன் ஓரத்தில் யாரோ ஒரு கையை வரைந்து நீலம் பூசி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக அந்தக் கண்ணாடி விஷயம். அப்பாவின் கடையில் சட்டை போட்டுப் பார்க்க நின்ற ஆளுயரக் கண்ணாடி டக்டக்கு குண்டு பட்டு நொறுங்கியதைச் சொல்லி, "அத ஒடச்சது நான். ஒரு வருஷத்துக்கு உனக்குப் புதுத்துணி கெடையாதுன்னுட்டார் எங்கப்பா. பழைய யூனிபார்ம் கட்டையாப் போச்சு, கீழ வேற கலர்ல ஒரு பட்டை வெச்சுத் தெச்சுக் கொடுத்தார். தையல்காரர் பொண்ணுக்கு வந்த கதியப் பாருங்க" என்று நீயே சிரித்தாய், எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதவும் எனக்கு விருப்பமில்லை.

எனவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கூட்டத்தில் சொன்னது அத்தனையும் வேடிக்கைக்காகச் சொன்ன கற்பனை என்று உன் கைப்பட ஒரு மறுப்புக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, உடனே அனுப்பு. நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறேன். அனுப்பாவிட்டால் இனி என் வீட்டு வாசற்படி மிதிக்காதே. மிதித்தாலும் ஞாயிற்றுக்கிழமை மிதிக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ மூத்தவள் என்பதால் உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயதில்லை, பிழைத்தாய்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் தம்பி,
செயலாளர் (அடுத்த தேர்தல் வரை)

பின்குறிப்பு: மறுப்புக் கடிதம் வேண்டாம். மேலே எழுதியதை ஆறு நாளாக உறையில் போட்டும் ஒட்டாமல் வைத்திருந்தேன். கண்ணாடியை உடைத்தது நான். டக்டக்குக் கயிறு அறுந்துபோனதும், அப்பா சட்டைக்கு முதலில் கையால் ஓட்டித் தைத்துப் பிறகு உருவி எறிவாரே, அந்த நூலை நாலாக மடித்துக் கட்டினேன். அறுந்துவர வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கிற நூல். தையல்காரர் மகனுக்கு அது தோன்றவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த நீ என் விரலிலிருந்து வளையத்தைக் கழற்றி உன் விரலில் மாட்டிக்கொண்டாய், அப்பா உள்ளே வந்தார், நான் வாயே திறக்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் புது யூனிபார்மில் உனக்குப் பத்தடி முன்னால் நடந்து பள்ளிக்கூடம் போனேன். பையன்கள் உன்னை ‘ரெண்டு கலர்’ என்று கூப்பிட்டபோது நானும் சேர்ந்து கூப்பிட்டேன். என் மானத்தையெல்லாம் சந்தி சிரிக்க வைத்தவள், அதை மட்டும் இன்னும் உன் தலையிலேயே போட்டுக்கொண்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் நின்று கடைசி வரி வரை படித்துவிட்டுப் போனார்கள். இந்த உறையோடு ஒரு துணிப் பொட்டலம் வரும். கடைக்காரரை முழுதாக விரிக்கச் சொல்லி முனைக்கு முனை பார்த்துத்தான் எடுத்தேன். ஒரே கலர்.